ஐஸ் கட்டிக்கு நடிப்பு தெரியாது

போன வாரமும் அதே வசனம். “காலையில நல்லாத்தான் இருக்கா டாக்டர். சாயங்காலம் வேலைன்னா மட்டும் கண்ணு சொக்கிடுது.” மருமகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே மாமியார் சொன்னார். எத்தனை வீட்டார் வாயால்தான் இதைக் கேட்பது!

அந்தப் பெண்ணுக்கு மயஸ்தீனியா கிராவிஸ். நரம்பின் உத்தரவைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தை உடம்பின் எதிர்ப்பு சக்தியே தாக்கும் அரிய நோய். தொற்றாது. ஓய்வெடுத்த தசை வேலை செய்யும், உழைக்க உழைக்கத் துவளும். முதல் வாய்ச் சோறு சுலபமாக இறங்கும், பத்தாவது வாய்க்குத் தாடை ஓய்ந்துவிடும். தெளிவாகத் தொடங்கிய பேச்சு போகப் போக மூக்கால் வரும். எதை வைத்து நடிப்பு என்கிறீர்களோ, அதை வைத்துத்தான் நாங்கள் இந்த நோயையே சந்தேகிக்கிறோம்.

அன்று ஐஸ் கட்டியைக் கையுறைக்குள் போட்டு, தொங்கிய இமைமேல் 2 நிமிடம் வைத்தேன். எடுத்தபோது கண் திறந்திருந்தது. செலவில்லாத பழைய சோதனை. (எல்லோருக்கும் இப்படித் தெளிவாக வராது. ரத்தப் பரிசோதனையும் நரம்புச் சோதனையும் தனி.) நடிப்பை ஐஸ் கட்டி குணமாக்குமா? மாமியார் பேசவில்லை.

ஆண்களுக்கு வேறு பட்டம்: நாக்கு குழறினால் குடிகாரன். இந்த நோய் உள்ளவர்கள் சிரித்தால் சில சமயம் உறுமுவதுபோல் தெரியும். அதனால் போட்டோவுக்கு நிற்பதில்லை, பந்தியில் உட்காருவதில்லை. நோய் அடங்கிய பிறகும் சிலருக்கு இந்த ஒதுங்கல் போவதில்லை. அதற்கு என்னிடம் மாத்திரை கிடையாது.

கல்யாணத்துக்காக நோயை மறைக்கச் சொல்லும் பெற்றோரே, தசைக்குத் தெம்பு தரும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை மூன்று நான்கு மணி நேரம்தான் தாங்கும். புகுந்த வீட்டில் ஒளித்து ஒளித்து எத்தனை வேளை சாப்பிடுவாள்? இதே நோய்க்குத் தரும் ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது அதைவிட ஆபத்து.

சளி, காய்ச்சல் என்று கடையில் நீங்களாகவே அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள், இந்த நோயில் தசைப் பலவீனம் கூடும். எந்த டாக்டரிடம் போனாலும் நோயின் பெயரை முதலில் சொல்லுங்கள். மூச்சு வாங்கினாலோ எச்சில்கூட விழுங்க முடியாவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

அப்புறம், சாயங்காலச் சமையலை வேறு யாராவது பார்த்துக்கொள்ளுங்கள். அவள் மென்று முடிக்க முக்கால் மணி நேரம் ஆனாலும் ஆகட்டும், தட்டை எடுக்காமல் கூட உட்கார்ந்திருங்கள்.