சாக்கர் வளர்கிறது, சரி. உங்கள் 401(கே) ஏன் கரைகிறது?

பிள்ளையின் சாக்கருக்காக (கால்பந்துக்காக) 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்பில் கை வைத்துவிட்டு என்னிடம் வருவதில், இந்த வரி சீசனில் இது நான்காவது குடும்பம். முதல் மூன்று பேருக்கும் நேரில் சொல்லிப் பார்த்தேன். நான்காமவர் கிளம்பிப் போன அன்று ராத்திரியே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

டாலஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோ பக்கம் வரிக் கணக்குப் பார்ப்பது என் வேலை. மார்ச் மாதம் ஒரு தம்பி வந்தார். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) சம்பளத்துக்கான டபிள்யூ-2, வீட்டுக் கடன் வட்டிக்கான 1098 என்று படிவங்களை ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்தார். கடைசியாக, நான்காக மடித்த ஒரு காகிதம். ஓய்வுக்காலக் கணக்கிலிருந்து எடுத்த பணத்தைக் காட்டும் 1099-ஆர் படிவம். ஏழாவது கட்டத்தில் "1" என்று அச்சாகியிருந்தது. எங்கள் தொழிலில் அந்த ஒற்றை எண்ணைப் பார்த்தாலே வயிற்றைப் பிசையும். உரிய வயதை எட்டும் முன்பே ஓய்வுக்காலப் பணத்தை எடுத்துவிட்டார், அபராத விலக்கு எதுவும் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம்.

பழைய கம்பெனியில் சேர்ந்திருந்த 401(கே) பணம், 40,000 டாலர். மொத்தமும் எடுத்திருந்தார்.

"எதுக்குப்பா எடுத்தீங்க?"

"பையனோட சாக்கருக்கு அக்கா. கிளப் ஃபீஸ், டோர்னமென்ட் டிராவல், தனி கோச், ஸ்பெயின் கேம்ப்... ரெண்டு வருஷத்துக்கே இது பத்தாது. ஆனா இப்பதான் நேரம். மெஸ்ஸி வந்துட்டாரு. ஒரு டீமுக்கு 500 மில்லியன் குடுக்குறாங்க. இப்ப விட்டா எப்ப?"

கால்குலேட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்துக் கணக்குப் போட்டேன். வரிக்கென 20 சதவீதம் பிடித்துக்கொண்டு அவர் கைக்கு வந்தது 32,000. அவர் இருக்கும் 24 சதவீத வரம்பில் வரி 9,600. முன்கூட்டியே எடுத்ததற்கு 10 சதவீத அபராதம் 4,000. ஆக 13,600. பிடித்த 8,000 போக இன்னும் 5,600 கட்ட வேண்டும். அவரோ ரீஃபண்ட் வரும், அதைக் கோடைக்கால கேம்புக்குக் கட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தார். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லாததால் இத்தோடு போயிற்று. கலிபோர்னியாவாக இருந்தால் மாநிலம் தனியாக ஒரு பங்கு கேட்டிருக்கும்.

அவர் சொன்ன 500 மில்லியன் பொய்யில்லை. சான் டியாகோ எஃப்.சி., இங்குள்ள பெரிய சாக்கர் லீக்கான எம்.எல்.எஸ்.ஸில் 30-ஆவது அணியாகச் சேர, அதன் உரிமையாளர்கள் ஒப்புக்கொண்ட நுழைவுத் தொகை அது. 2007-இல் டொராண்டோ எஃப்.சி. கட்டியது 10 மில்லியன். சார்லட் அணிக்கு 325 மில்லியன். 2023-இல் எல்.ஏ.எஃப்.சி. 1 பில்லியன் டாலர் பெறும் என்று ஃபோர்ப்ஸ் இதழ் மதிப்பிட்டது. 2023-இலிருந்து பத்து வருடத்துக்கு என்று ஆப்பிளோடு 2.5 பில்லியன் டாலர் ஒளிபரப்பு ஒப்பந்தம் வேறு 2022-இல் போட்டார்கள். வளர்ச்சி நிஜம்தான். நான் கேட்பது ஒன்றே ஒன்று: அந்த 500 மில்லியன் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது?

புது உரிமையாளரிடமிருந்து லீக்குக்கு. லீக் என்றால் ஏற்கெனவே இருக்கும் அணிகளின் உரிமையாளர்கள். அவ்வளவுதான். ஆடுகிற பையனின் சம்பளக் கவருக்கும் அந்தப் பணத்துக்கும் நேர் சம்பந்தம் கிடையாது.

இதைப் பத்து தடவை சொன்னாலும் ஏறமாட்டேன் என்கிறது, அதனால் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். நம் ஊரில் நல்ல ரூட்டில் ஓடும் பஸ்ஸின் பெர்மிட்டுக்கு என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். பஸ்ஸை விடப் பெர்மிட்தான் விலை. ஏன்? புதுப் பெர்மிட் லேசில் கிடைக்காது. பெர்மிட் விலை இரண்டு மடங்கானதால் அந்த பஸ்ஸின் டிரைவருக்குச் சம்பளம் இரண்டு மடங்கானதா? எம்.எல்.எஸ். அணியும் ஒரு பெர்மிட்தான். இருப்பது 30. இங்கிலாந்து மாதிரி தோற்றால் கீழ் டிவிஷனுக்கு இறங்குவதும் இல்லை, ஜெயித்தால் கீழேயிருந்து ஏறி வருவதும் இல்லை. உள்ளே இருப்பவர் உள்ளேயே இருப்பார். அதனால்தான் அந்த இடத்துக்கு அந்த விலை.

அப்புறம், 1996-இல் ஆட்டம் தொடங்கியதிலிருந்தே அந்த லீக் ஒரே நிறுவனம் மாதிரி கட்டப்பட்டது. ஆட்டக்காரர் ஒப்பந்தம் போடுவது அணியோடு இல்லை, லீக்கோடு. இரண்டு அணிகள் போட்டி போட்டு ஒருவரின் சம்பளத்தை ஏற்றிவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். இதை எதிர்த்து ஆட்டக்காரர்களே கோர்ட்டுக்குப் போனார்கள், 2002-இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். சம்பளத்துக்கு உச்சவரம்பும் உண்டு. 2025-இல் ஒரு அணியின் அடிப்படைச் சம்பள பட்ஜெட் 5.95 மில்லியன் டாலர். மெஸ்ஸி போன்றவர்கள் அந்த வரம்புக்கு மேல் வாங்குவது, 2007-இல் பெக்காமுக்காகக் கொண்டுவந்த தனி விதியால். ஒரு அணியில் அப்படி மூன்று இடம்தான். அந்த மூன்று பேரைப் பார்த்துவிட்டு மிச்சம் இருபத்தேழு பேரின் வாழ்க்கையைக் கணக்குப் போடாதீர்கள்.

அந்த இருபத்தேழு பேரில் கீழ்த்தட்டில் இருக்கும் இளம் பையனுக்கு 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் வருடத்துக்கு 80,622 டாலர். சீனியர் பட்டியலில் 1,04,000. அடுத்த வருடம் வைத்துக்கொள்வதா விடுவதா என்ற உரிமை பெரும்பாலும் அணியிடம்தான் இருக்கும். முழங்கால் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உழைத்து அந்த இடத்துக்கு வந்த பிள்ளைகளை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் பிளேனோவில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் உங்கள் டீமில் போன வருடம் சேர்ந்த பையன் என்ன வாங்குகிறான் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு 401(கே)-யில் கை வையுங்கள். பெண் பிள்ளைகளுக்கு இன்னும் கம்மி. பெண்கள் லீக்கான என்.டபிள்யூ.எஸ்.எல்.லில் 2025-இன் குறைந்தபட்சம் 48,500 டாலர். அந்த லீக்கில் டென்வர் அணிக்கு நுழைவுத் தொகை 110 மில்லியன்.

இந்த வளர்ச்சி ஒரே சீராக வந்ததும் இல்லை. 1975-இல் பெலே நியூயார்க் காஸ்மாஸுக்கு வந்தபோதும் இதே பேச்சுதான். ஜயன்ட்ஸ் ஸ்டேடியத்தில் எழுபதாயிரம் பேருக்கு மேல் கூடினார்கள். 1984 சீசனோடு, காஸ்மாஸ் ஆடிய அந்தப் பழைய லீக்கே மூடிவிட்டது. எம்.எல்.எஸ்.ஸும் 2002 தொடக்கத்தில் ஃபுளோரிடாவின் இரண்டு அணிகளையும் கலைத்தது. ஆன்ஷூட்ஸ், ஹன்ட், கிராஃப்ட் என்று மூன்று பணக்காரர்கள் பிடித்துக்கொண்டிருந்ததால் மிச்சம் பிழைத்தது. நஷ்டத்தை வருடக்கணக்கில் தாங்க அவர்களிடம் எண்ணெய், ரயில், வேறு தொழில்கள் என்று பணம் இருந்தது. உங்களிடம் இருப்பது ஒரு 401(கே), ஒரு வீடு.

சரி, கிளப் விஷயத்துக்கு வருகிறேன்.

எம்.எல்.எஸ். அணிகளின் உண்மையான அகாடமியில் பெரும்பாலும் கட்டணமே கிடையாது. பையன் வேண்டும் என்று நினைத்தால் செலவை அணியே ஏற்கும், ஏனென்றால் லாபமும் அணிக்குத்தான். நம் பக்கத்து ஃபீல்டிலேயே பார்த்தோம். எஃப்.சி. டாலஸ் அகாடமியில் வளர்ந்த ரிகார்டோ பெப்பி 2022 ஜனவரியில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் அணிக்குப் போனபோது கைமாறியது ஏறத்தாழ 20 மில்லியன் டாலர். அது அணிக்கு அணி கொடுக்கிற விலை. அதே அகாடமியின் வெஸ்டன் மெக்கென்னி 2016-இல் எம்.எல்.எஸ். ஒப்பந்தமே போடாமல் ஷால்க அணிக்குப் போய்விட்டார், டாலஸுக்கு மாற்றுத் தொகை இல்லை. பிள்ளையை வளர்ப்பது அவர்களுக்கு முதலீடு, அதன் ஆபத்தும் அவர்களுடையது. நீங்கள் ஏன் அந்த முதலீட்டை உங்கள் தலையில் போட்டுக்கொள்கிறீர்கள்?

நாடெங்கும் பல பெரிய அணிகளின் பெயரும் சின்னமும் போட்ட கட்டண கிளப்புகள் இருக்கின்றன. ஜெர்சியில் அதே சின்னம் இருப்பதால் அகாடமியில் சேர்த்துவிட்டோம் என்று பெற்றோர் நம்பிவிடுகிறார்கள். சேரும்போதே வாயைத் திறந்து கேளுங்கள்: இது அகாடமியா, கட்டண அணியா? போன மூன்று வருடத்தில் இங்கிருந்து எத்தனை பேர் அகாடமிக்குப் போனார்கள்? பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். டோர்னமென்ட்டில் அவர்கள் சொல்லும் ஹோட்டலில்தான் தங்க வேண்டுமா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். அங்கேயும் நிறையப் போகிறது.

"கிளப் 501(சி)(3) தானே அக்கா, ஃபீஸை டொனேஷன்ல காட்டுங்க." 501(சி)(3) என்றால் வரிவிலக்குப் பெற்ற தொண்டு அமைப்பு. தயவுசெய்து என்னிடம் இதைக் கேட்காதீர்கள். உங்கள் பிள்ளைக்குப் பயிற்சி கொடுத்ததற்கு நீங்கள் கட்டியது கட்டணம். ரசீதில் என்ன எழுதியிருந்தாலும் அது நன்கொடை ஆகாது. பிள்ளையின் படிப்புக்காகச் சேர்க்கும் 529 கணக்குப் பணத்தையும் வரிச் சலுகையோடு கிளப் ஃபீஸுக்கு எடுக்க முடியாது. 13 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையைப் பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் நேரத்தில் பகல் நேர கேம்பில் விட்டால் மட்டும் ஒரு சிறு வரிச் சலுகை உண்டு, அதற்கு ரசீதை வைத்திருங்கள். இரவு தங்கும் கேம்புக்குக் கிடையாது.

"ஸ்காலர்ஷிப் வந்துடும், எல்லாம் திரும்பிடும்" என்பது அடுத்தது. டெக்சாஸ் பெற்றோரே, ஒன்று தெரியுமா? ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலும் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மிலும் ஆண்களுக்கு வர்சிட்டி சாக்கர் அணியே, அதாவது கல்லூரியின் அதிகாரபூர்வ அணியே, கிடையாது. பெண்களுக்கு உண்டு. நீங்கள் கனவு காணும் இரண்டு பெரிய கல்லூரிகளிலும் உங்கள் பையனுக்கு அந்தக் கதவே இல்லை. கல்லூரி விளையாட்டின் மேல்தட்டான டிவிஷன் 1-இல் உள்ள மற்ற கல்லூரிகளிலும் ஆண்கள் அணி ஒன்றுக்கு நீண்ட காலம் இருந்த வரம்பு 9.9 ஸ்காலர்ஷிப்தான், அதையும் இருபத்தைந்து முப்பது பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். 2025-இல் அந்த விதி மாறியது. புது விதியை ஏற்ற கல்லூரிகள் 28 பேர் வரை அணியில் எடுக்கலாம், எல்லோருக்கும் உதவித்தொகை கொடுக்கலாம் என்றானது. கொடுக்கலாம் என்றுதான் விதி. கொடுத்தே ஆக வேண்டும் என்று எங்கேயும் இல்லை.

ஹெச்-1பி குடும்பங்களுக்குத் தனியாகச் சொல்கிறேன், இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்கள் விசாவைச் சார்ந்து ஹெச்-4 விசாவில் இருக்கும் பிள்ளை சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. தொழில்முறை ஒப்பந்தமும் வேலைதான். கிரீன் கார்டு இல்லாவிட்டால், சில விலக்குகள் போக, எம்.எல்.எஸ். அணியில் அவன் வெளிநாட்டு ஆட்டக்காரர் கணக்கில் வருவான், அந்த இடங்கள் எண்ணி வைத்தவை. 21 வயதில் ஹெச்-4 முடிந்துவிடும். முதலில் ஒரு இமிகிரேஷன் வக்கீலிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள், கேம்ப் அப்புறம். 401(கே)-யை உடைக்காமல் கடனாக எடுக்கலாமே என்கிறீர்களா? வேலை போனால் அந்தக் கடனும் கழுத்தைப் பிடிக்கும், விசாவில் இங்கே இருக்கவும் 60 நாள் வரைதான்.

விளையாட வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. பிள்ளைகள் வெயிலில் ஓடட்டும், தோற்கட்டும், ஜெயிக்கட்டும். மாதச் சம்பளத்தில், ஓய்வுக்காலச் சேமிப்புக்கு ஒதுக்கியது போக மிஞ்சுவதில் எது முடியுமோ அந்த அணியில் ஆடட்டும். நகராட்சி லீக் இருக்கிறது, பள்ளிக்கூட அணி இருக்கிறது. உண்மையில் திறமை இருந்தால் தேர்வாளர்கள் கண்ணில் படாமல் போகாது, டாலஸ் பக்கம் வார இறுதியில் அவர்கள் வராத மைதானம் குறைவு.

அந்தத் தம்பிக்கு 5,600 டாலரைத் தவணையில் கட்ட விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன். பணத்தை எடுத்து அறுபது நாளுக்குள் வந்திருந்தால், 40,000-த்தையும் ஐ.ஆர்.ஏ. என்ற தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கில் திரும்பப் போட்டு வரி, அபராதம் இரண்டையும் தவிர்த்திருக்கலாம். அவர் எடுத்தது போன ஜூலையில். மார்ச்சில் என்னால் செய்ய முடிவது கணக்கெழுதுவது மட்டும்தான்.

ஜூன் மாதம் டிரைஅவுட் (அணித் தேர்வு) முடிந்ததும் கிளப்பிலிருந்து மின்னஞ்சல் வரும். ஓரிரு நாளில் முன்பணம் கட்டு, இல்லாவிட்டால் இடம் போய்விடும் என்று அவசரப்படுத்துவார்கள். அந்த ஓரிரு நாளில், பணத்தை எடுக்கும் முன்பு, எனக்கோ உங்கள் கணக்கருக்கோ ஒரு போன் போடுங்கள். அதற்கு நான் பணம் வாங்குவதில்லை. சனி, ஞாயிறும் எடுப்பேன்.