பிடித்த வாசகம் வாழ்க்கைக்கு எப்போது உதவுகிறது?

ஆலோசனைக்கு முதன்முறையாக வருகிறவர்களிடம், பிரச்சினையைப் பற்றிய கேள்விகளெல்லாம் ஓரளவு முடிந்த பிறகு, "உங்களுக்கு மிகவும் பிடித்த பொன்மொழியோ பழமொழியோ ஏதாவது உண்டா?" என்று கேட்பது என் வழக்கம். உளவியல் ஆலோசகராக நான் பணியாற்றிவரும் இத்தனை ஆண்டுகளில், இந்தக் கேள்விக்கு விடையே இல்லை என்றவர்கள் மிகச் சிலர்தான். தங்கள் துன்பத்தைச் சொல்லத் திணறியவர்கள்கூட, தங்களுக்குப் பிடித்த வாசகத்தைத் தயங்காமல் சொல்லிவிடுகிறார்கள். அந்த விடை எனக்குப் பெரிதும் உதவுகிறது. "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று சொல்பவரிடம் தொடர்ந்து பேசினால், வெளியே சொல்ல முடியாமல் அடக்கி வைத்திருக்கும் கோபம் ஒன்று தென்படுவதுண்டு. "முயற்சி திருவினை ஆக்கும்" என்று சொல்பவர் பல நேரங்களில் முயன்று முயன்று களைத்துப்போனவராக இருக்கிறார். எல்லோருக்கும் பொருந்தும் விதியாக இதை நான் கூறவில்லை. ஆயினும், ஒருவருக்குப் பிடித்த வாசகம் அவரிடம் ஏற்கெனவே இருப்பதைவிட அவருக்கு இப்போது தேவைப்படுவதையே அதிகம் காட்டுகிறது என்பது என் அனுபவம்.

அந்தத் தேவையை அவ்வாசகம் நிறைவு செய்கிறதா என்பது வேறு கேள்வி. காலையில் ஒரு நல்ல வாசகத்தைப் படித்ததும் மனத்தில் எழும் எழுச்சி உண்மையானது; அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் அந்த எழுச்சியையே மாற்றம் என்று எடுத்துக்கொண்டு, அடுத்த வாசகத்துக்கு விரலை நகர்த்திவிடுகிறோம். கைபேசியில் நூற்றுக்கணக்கான பொன்மொழிப் படங்களைச் சேமித்து வைத்திருப்பவர்கள் பலரை நான் சந்தித்திருக்கிறேன். அவற்றில் ஒன்றையேனும் ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட சிக்கலில், பயன்படுத்திப் பார்த்ததுண்டா என்று கேட்டால் பெரும்பாலோர் யோசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

ஒரு வாசகம் எந்த அளவுக்குப் பயன்பட முடியும் என்பதற்கு எங்கள் துறையிலேயே சிறந்த சான்று உண்டு. அடிமையாகப் பிறந்து, விடுதலை பெற்றுத் தத்துவ ஆசிரியராக விளங்கிய எபிக்டெட்டஸ், மனிதர்களைக் கலங்க வைப்பவை நிகழ்வுகள் அல்ல, நிகழ்வுகளைப் பற்றி அவர்கள் கொள்ளும் எண்ணங்களே என்று கற்பித்தார். ஏறத்தாழ பதினெட்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு, 1950களின் நடுப்பகுதியில், அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் தம் சிகிச்சை முறையை உருவாக்கியபோது இந்தக் கருத்தை அதன் அடித்தளங்களுள் ஒன்றாகக் கொண்டார். எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றி மனத்துன்பத்தைக் குறைக்க முயலும், இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு எல்லிஸின் முறை ஒரு முன்னோடி. எல்லிஸ் அந்த வாசகத்தைச் சுவரில் மாட்டிவைத்து நோயாளிகளைப் படிக்கச் சொல்லவில்லை. அதைக் கேள்விகளாக மாற்றினார். என்ன நடந்தது, அதைப் பற்றி உங்களுக்கு நீங்களே என்ன சொல்லிக்கொண்டீர்கள், அப்படிச் சொல்லிக்கொண்டதற்கு ஆதாரம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டபோது அந்தப் பழைய சிந்தனை வேலை செய்யத் தொடங்கியது.

எபிக்டெட்டஸின் கருத்துகளை ஆழ்ந்து கற்ற ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ், போர்முகாம்களில் தங்கியிருந்த காலத்திலும் தமக்காகக் குறிப்புகள் எழுதினார். பிறர் படிப்பதற்காக எழுதப்படாத அக்குறிப்புகளில், கோபத்தைப் பற்றியும் சாவைப் பற்றியும் பிறர் சொல்லைப் பொருட்படுத்துவதைப் பற்றியும் ஒரே கருத்து மீண்டும் மீண்டும் வருகிறது. முதன்முறை படிக்கும்போது இது குறையாகத் தோன்றக்கூடும். எனக்கு அதுவே அக்குறிப்புகளின் மிக நேர்மையான பகுதி. நேற்று புரிந்த ஒன்றை இன்று மறுபடியும் தமக்கே சொல்லிக்கொள்ள வேண்டிய நிலையில்தான் ஒரு பேரரசரும் இருந்திருக்கிறார்.

என்னிடம் வந்த ஓர் இளைஞரைப் பற்றி இங்கே சொல்வது பொருத்தமாக இருக்கும்; அடையாளம் தெரியாதவாறு விவரங்களை மாற்றியிருக்கிறேன். பழைய வேலையை விட்டுப் புதிய வேலையில் சேர்ந்திருந்த அவருக்கு, எடுத்த முடிவு சரிதானா என்ற எண்ணம் இரவு முழுவதும் ஓடிக்கொண்டே இருந்தது. அவருக்குப் பிடித்த வாசகம் எது என்று கேட்டபோது "எண்ணித் துணிக கருமம்" என்றார். எதையும் பலமுறை யோசிப்பவர் என்று தம்மைக் குறித்து அவருக்கு ஒரு பெருமிதமும் இருந்தது. குறளை முழுவதுமாகச் சொல்லச் சொன்னேன். "எண்ணித் துணிக கருமம் துணிந்தபின் எண்ணுவம் என்பது இழுக்கு" என்று சொல்லி முடித்ததும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பள்ளி நாட்களிலிருந்து மனப்பாடமாக இருந்த குறள்தான்; அதன் முதல் பாதியை மட்டும் தம் இயல்புக்கு ஆதரவாக எடுத்துக்கொண்டு, தமக்கு அப்போது உண்மையில் தேவைப்பட்ட பிற்பாதியை அவர் ஒதுக்கியே வைத்திருந்தார்.

ஆனால் இனிமேல் எண்ணாதே என்று மனத்துக்குக் கட்டளையிட்டால் அது கேட்பதில்லை. தடுக்கத் தடுக்க அந்த எண்ணம் வலுக்கவே செய்யும். எனவே அந்தப் பிற்பாதியை ஒரு செயலாக மாற்ற முயன்றோம். படுக்கைக்கு அருகில் ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொள்வது. "சரிதானா" என்ற கேள்வி எழுந்ததும் எழுந்து உட்கார்ந்து, அன்று என்ன தோன்றியதோ அதை ஓரிரு வரிகளில் எழுதிவிட்டு விளக்கை அணைப்பது. மறுநாள் காலையில் அதைப் படித்து, செய்ய வேண்டியது ஏதேனும் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது. எழுதியவற்றுள் பெரும்பாலானவை முதல் நாள் எழுதியதையே திரும்பச் சொல்வதாக அவரே கண்டுகொண்டார். மேலதிகாரியிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டிய இரண்டொரு செய்திகள் மட்டும் அதில் தேறின, அவற்றைக் கேட்டும்விட்டார். உறக்கம் உடனே சீராகிவிடவில்லை, ஆனால் இரவுகளின் மீதிருந்த அச்சம் மெல்லக் குறைந்தது.

இந்த முறையை நான் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. "இன்ன நிலை வந்தால் இன்னதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்பவர்கள், வெறுமனே நோக்கம் மட்டும் கொண்டிருப்பவர்களைவிட அதை நிறைவேற்றுவதில் முன்னிற்கிறார்கள் என்பதை ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் நீண்ட காலம் ஆராய்ந்தவர். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இந்த வேறுபாடு தெளிவாகவே தெரிந்தது. பொன்மொழிகளில் பெரும்பாலானவை நோக்கத்தை மட்டுமே தருகின்றன. எப்போது, எங்கே, எப்படி என்பதைப் படிப்பவர்தான் இட்டு நிரப்ப வேண்டும். "யாகாவா ராயினும் நாகாக்க" என்பதை விரும்புகிற ஒருவர், எந்த மனிதரிடம் பேசும்போது தம் நாக்கு கட்டுமீறுகிறது என்பதைக் கண்டறிந்து, அவருடைய அழைப்பு வரும்போது மட்டும் பதிலுக்கு முன் ஒரு மூச்சு இழுத்து விடுவது என்று தீர்மானித்துக்கொண்டாலே அந்தக் குறள் அவருடைய வாழ்க்கைக்குள் வந்துவிடும்.

வாசகம் அழகாக இருப்பதாலேயே அது உண்மையாகிவிடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரே பொருளுடைய இரு ஆங்கிலப் பழமொழி வடிவங்களை, ஒன்றை இயைபுடனும் (இறுதி ஓசை ஒத்துவருமாறு) மற்றொன்றை இயைபில்லாமலும் மக்களிடம் கொடுத்தபோது, இயைபுடன் ஒலித்தவையே கூடுதல் உண்மையுடையவை என்று அவர்கள் மதிப்பிட்டதாக 2000இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஓசை நயத்தையும் கருத்தையும் பிரித்துப் பாருங்கள் என்று முன்னெச்சரிக்கை கொடுத்தபோது இந்த மயக்கம் குறைந்தது. எதுகையிலும் மோனையிலும் ஊறிய நமக்கு இது இன்னும் கூடுதலாகவே பொருந்தும் என்று நினைக்கிறேன். "பதறாத காரியம் சிதறாது" என்பதும் காதுக்கு இனிமை. "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்பதும் இனிமை. முதலாவது நிதானிக்கச் சொல்கிறது, இரண்டாவது விரையச் சொல்கிறது. இவற்றுள் எது சரி என்று கேட்பதில் பயனில்லை. இப்போது நான் நிற்கும் இடத்தில் எது பொருந்தும் என்பதே கேட்க வேண்டியது. இயல்பிலேயே தயங்குபவர் முதல் பழமொழியையும், அவசரக்காரர் இரண்டாவதையும் தேர்ந்தெடுப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். நமக்கு உடனே பிடித்துப்போகும் வாசகத்தைவிட, படித்ததும் சற்று உறுத்துகிற வாசகத்திடம்தான் பல நேரங்களில் நமக்கான பாடம் இருக்கிறது.

யார் சொன்னது என்ற கேள்வியும் புறக்கணிக்கத் தக்கதன்று. தூண்டுதலுக்கும் எதிர்வினைக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது என்ற புகழ்பெற்ற வாசகம் நாஜி வதைமுகாம்களிலிருந்து மீண்ட மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கலின் பெயரில் உலவுகிறது. அவர் எழுதியவற்றில் அது காணப்படவில்லை; நூலகத்தில் தற்செயலாக எடுத்துப் படித்த ஒரு நூலில் கண்டதாகச் சொல்லி அதைப் பரவலாக்கியவர் அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கோவி. கருத்து நல்லதுதான், நானே அதைப் பயன்படுத்துகிறேன். ஆனால் வதைமுகாமில் இருந்தவரே சொல்லிவிட்டார், உனக்கென்ன குறை என்று ஒருவரை வாயடைக்க அது பயன்படுத்தப்படும்போது, பெயரின் கனம் கருத்தின் கனத்தை மிஞ்சிவிடுகிறது. "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்" என்று வள்ளுவர் சொன்னது புகழ்பெற்ற வாய்களுக்கும் பொருந்தும்.

முழுவதையும் படிப்பதால் கிடைக்கும் பயன் சில நேரங்களில் வியக்கத்தக்கது. கணியன் பூங்குன்றனாரின் "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்ற முதலடியை அறியாத தமிழர் இல்லை. புறநானூற்றின் 192ஆம் பாடலாகிய அது பதின்மூன்று அடிகளில் அமைந்தது. நன்மையும் தீமையும் பிறர் தருவதால் வருவன அல்ல என்று தொடர்ந்து, சாவு புதியதன்று என்று சொல்லி, ஆற்றுநீரின் வழியே செல்லும் தெப்பம்போல உயிர் முறைவழியே செல்கிறது என்று காட்டி, ஆகவே "பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே" என்று முடிகிறது. சமூக ஊடகங்களில் பிறருடைய வெற்றிகளைப் பார்த்துப் பார்த்துத் தம்மைச் சிறியவராக உணரும் பலருக்கு, முதலடியைவிட இந்தக் கடைசி அடிகள்தான் உடனடியாக உதவுகின்றன. வியப்பையும் இகழ்ச்சியையும் ஒரே மூச்சில் மறுக்கிற அந்த அடிகளைப் படித்துவிட்டு, தம்மைத் தாமே இகழ்வதும் இதில் அடங்குமா என்று ஒரு பெண் கேட்டார். அடங்கும் என்றே நான் நினைக்கிறேன்.

இனி, வாசகங்கள் காயப்படுத்தும் இடத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான். தன் மகனை இழந்த தாய் ஒருவருக்கு, இறுதிச் சடங்கு முடிந்த வாரத்திலிருந்தே உறவினர்கள் வாட்ஸ்அப்பில் பொன்மொழிகளை அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். காலம் எல்லாக் காயங்களையும் ஆற்றும், நடப்பதெல்லாம் நன்மைக்கே, "இடுக்கண் வருங்கால் நகுக". அனுப்பியவர்கள் அத்தனை பேரும் அன்புள்ளவர்கள். அந்தத் தாயோ, தான் அழுவதே பிறருக்குப் பாரமாகிவிட்டதாக எண்ணி, யார் வந்தாலும் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்காரப் பழகியிருந்தார். அந்தக் குறள் இடம்பெறும் இடுக்கண் அழியாமை, பொருட்பாலில் அமைந்த, திருக்குறளின் 63ஆவது அதிகாரம்; அதற்கு முந்தையது விடாமுயற்சியைப் பேசும் ஆள்வினையுடைமை. மேற்கொண்ட செயலில் இடையூறுகள் வரும்போது மனம் தளராதிருப்பதைப் பற்றிய அறிவுரையைப் பிள்ளையை இழந்தவரின் முன் வைப்பது வள்ளுவருக்கும் நீதியாகாது, அந்தத் தாய்க்கும் நீதியாகாது.

தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் வாசகமும் எல்லா நேரத்திலும் நன்மை செய்துவிடாது. "நான் அன்பு செலுத்தத் தக்கவள்" என்பது போன்ற வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, தன்மதிப்பு குறைந்தவர்கள் முன்பைவிட மனம் நலிந்ததாக 2009இல் ஜோவான் வுட்டும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு தெரிவித்தது. ஏற்கெனவே தன்மதிப்பு உள்ளவர்களுக்குத்தான் அது ஓரளவு உதவியது. மனம் நம்பாத ஒன்றை வாய் சொல்லும்போது, உள்ளே அதற்கு மறுப்புரைகள் எழுகின்றன. இத்தகையவர்களிடம், "இன்று ஒருவருக்கு உதவினேன்" என்பதுபோல மறுக்க முடியாத ஒரு சிறிய உண்மையை எழுதச் சொல்வதையே நான் விரும்புகிறேன்.

துயரத்தில் இருக்கும் ஒருவருக்கு ஏதேனும் அனுப்ப வேண்டும் என்று தோன்றினால், பொன்மொழிக்குப் பதிலாக "நாளை மாலை வந்து உங்களுடன் சிறிது நேரம் இருக்கட்டுமா?" என்று கேட்டு அனுப்புங்கள். இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் சோர்வு நீடித்தாலோ, முன்பு விரும்பிச் செய்தவற்றில் நாட்டம் அற்றுப்போனாலோ, உறக்கமும் பசியும் மாறிப்போனாலோ, அது மன உறுதிக் குறைவு அன்று. மருத்துவர் பார்க்க வேண்டிய நிலையாக இருக்கலாம். வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வந்தால் அதற்கு எந்த மேற்கோளையும் பதிலாகச் சொல்லாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவும் கனிவாகவும் கேளுங்கள். அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடாது. இருக்கிறது என்றால் அவரைத் தனியே விடாமல் உடன் இருந்து, அன்றே மனநல மருத்துவரிடமோ அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ அழைத்துச் செல்லுங்கள்.