‘என் பொருட்டு நம்பாதீர்’: இது எந்த ஊர்த் தமிழ்?

18ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பத்திரிகைகளில், குறிப்பாகப் பென்சில்வேனியா கெசட் போன்ற அமெரிக்கக் காலனிப் பத்திரிகைகளில், வீட்டை விட்டுப் போன மனைவியைப் பற்றிக் கணவன் கொடுக்கும் அறிவிப்பு அடிக்கடி வரும். அதில் ‘நாட் டு டிரஸ்ட் ஹெர் ஆன் மை அக்கவுண்ட்’ என்று ஒரு வரி இருக்கும். அதைத் தமிழில் தருகிறவர்கள், சொல்லி வைத்தாற்போல், ‘என் பொருட்டு அவளை யாரும் நம்ப வேண்டாம்’ என்று எழுதிவிடுகிறார்கள். படித்தால், அவள் நடத்தை சரியில்லை என்று அவன் ஊரெல்லாம் தண்டோரா போடுவதுபோல் இருக்கிறது. அவன் சொன்னதோ வெறும் கடைக் கணக்கு: ‘என் கணக்கில் அவளுக்குக் கடன் கொடுக்காதீர்கள்.’

அன்றைய கடைத்தெருவில் டிரஸ்ட் என்ற வினைக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுப்பது என்றும் பொருள் உண்டு. அதன் வேர், உறுதி என்று பொருள்படும் பழைய நார்ஸ் (ஸ்காண்டிநேவிய மொழி) சொல். கிரெடிட்டும் நம்பு என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்ததுதான். சரி, வேர் இவ்வளவு போதும். நம் ‘நம்பு’ மட்டும் அப்படியே நின்றதா? ‘நம்பும் மேவும் நசையா கும்மே’ என்கிறது தொல்காப்பியம். அன்று அது விருப்பம்.

அறிவிப்புக்குக் காரணம் சட்டம். அன்றைய ஆங்கிலச் சட்டப்படி, மனைவி உணவு, உடை போன்ற அவசியப் பொருள்களைக் கடனுக்கு வாங்கினால் பணம் கட்ட வேண்டியவன் கணவன். அவள் பிரிந்து போய்விட்டாள் என்பது கடைக்காரருக்குத் தெரிந்திருந்தால் அவன் தப்பிக்க வழி உண்டு. தெரியப்படுத்தத்தான் பத்திரிகை.

இந்த டிரஸ்டுக்கு ‘நம்பிக்கைக்கடன் அளித்தல்’ என்று ஒரு புதுச்சொல்லைச் சிலர் முன்வைக்கிறார்கள். மூலத்தின் நம்பிக்கையும் கிடைக்கிறது, கடனும் கிடைக்கிறதாம். எனக்கு ஒப்பவில்லை. மளிகைக் கடையில் யாராவது ‘அண்ணாச்சி, நம்பிக்கைக்கடன் அளியுங்கள்’ என்பார்களா? ‘கணக்குல எழுதிக்குங்க’ என்பார்கள். அதுவும் போக, அந்தச் சொல்லைக் கேட்டால் ஈடில்லாமல் வங்கி தரும் கடன்தான் நினைவுக்கு வருகிறது. இங்கே பேச்சு அரைப்படி உப்பும் நாலு முழத் துணியும். கடன் என்ற சொல்லுக்குள்ளேயே நம்பிக்கை இருக்கிறது, நம்பாதவனுக்கு யார் கொடுப்பார்? பிறகு எதற்கு அதை வெளியே இழுத்து ஒட்டவைக்க வேண்டும்? ‘பற்று எழுதாதீர்’ என்பது எனக்குப் பிடித்தது, ஆனால் பற்று வரவு நோட்டைப் பார்க்காதவர்கள் அதைப் பாசம் என்று படித்துவிடுவார்கள். ஆகவே ‘கடன் கொடுக்காதீர்’. நம் பத்திரிகைகளிலேயே, வேலையை விட்டுப் போனவரின் படத்தைப் போட்டு, ‘இவருடன் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள வேண்டாம், நிறுவனம் பொறுப்பல்ல’ என்று வருகிறதே, அந்த நடையில் எழுதினால் போதும். புதுச்சொல் செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் கடைத்தெருவுக்குப் போய்வந்தால் தேவலை.

‘என் பொருட்டு’ வேறு கதை. ‘அக்கவுண்ட்’ அங்கே கணக்குதான், பொருட்டு இல்லை. அதே அறிவிப்பில் வரும் ‘பெட் அண்ட் போர்ட்’ என்பதை ‘படுக்கையையும் பலகையையும் விட்டுப் போனாள்’ என்று மொழிபெயர்த்தவர்களும் உண்டு. பலகை எங்கிருந்து வந்தது? அந்த ‘போர்ட்’ சாப்பாட்டு மேசை, அதாவது சாப்பாடு. ‘என் வீட்டையும் சோற்றையும் விட்டுப் போனாள்’ என்றால் நம் ஊரில் யாருக்குப் புரியாது?

இதில் சுவையான பகுதி மனைவியரின் பதில். சிலர் அதே பத்திரிகையில் எதிர் அறிவிப்புப் போட்டார்கள்: அடி தாங்காமல்தான் போனேன், அந்தப் படுக்கையே என் பிறந்த வீட்டுச் சீர், அவர் பேரில் ஒரு காசு கடன் வாங்கியதில்லை என்று. கணவன் ‘நம்பாதீர்கள்’ என்று சொன்னதாக வைத்துப் படித்தால், அவள் ஏன் சம்பந்தமில்லாமல் கடன் கணக்குப் பேசுகிறாள் என்று வாசகர் விழிப்பார்.