சூப்பர்மேன்: சொல்லும் ஆளும்

காப்பி நன்றாக இருந்தாலும் ‘சூப்பர்’, பையன் தேறிவிட்டாலும் ‘சூப்பர்’ என்பது நம் வழக்கம். அதனால் சூப்பர்மேன் என்ற பெயர் ‘பலே ஆள்’ என்பதுபோலவே நம் காதில் விழுகிறது. மூலத்தில் பாராட்டு எதுவும் இல்லை. இலத்தீனில் ‘சூப்பர்’ என்றால் ‘மேலே’, அவ்வளவுதான்.

ஆங்கிலச் சொல்லே ஒரு மொழிபெயர்ப்பு. ஜெர்மன் தத்துவஞானி நீட்சே 1883-இல் வெளியிடத் தொடங்கிய ‘ஜராதுஸ்டிரா இவ்வாறு கூறினான்’ நூலின் ‘ஊபர்மென்ஷ்’தான் அதன் மூலம். ஊபர் என்றால் மேல், மென்ஷ் என்றால் மனிதர். (வாடகைக் கார் நிறுவனத்தின் பெயரும் இந்த ஊபர்தான்.) 1896-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அதை ‘பியாண்ட் மேன்’ ஆக்கியது, அது ஒட்டவில்லை. 1903-இல் பெர்னார்ட் ஷா தம் நாடகத்துக்கு ‘மேன் அண்ட் சூப்பர்மேன்’ என்று பெயர் வைத்தார். அது ஒட்டிக்கொண்டது.

நீட்சேயின் ஆள் வானத்திலிருந்து வருபவன் அல்லன். இந்த மண்ணின் அர்த்தமே அவன்தான். மண்ணுக்கு உண்மையாக இருங்கள், விண்ணுலக ஆசை காட்டுகிறவர்களை நம்பாதீர்கள் என்கிறான் ஜராதுஸ்டிரா. அப்படிப்பட்ட சொல்லை வேற்றுக்கிரகத்தில் குடியேற்றியவர்கள் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்துப் பையன்கள் இருவர்: ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர்.

அதுவும் எடுத்த எடுப்பில் அன்று. 1933 ஜனவரியில் அவர்களே நடத்திய சிறுபத்திரிகையில் வந்த கதையில் சூப்பர்மேன் வில்லன், மொட்டைத்தலை வேறு. இலவச ரொட்டிக்கு வரிசையில் நின்ற ஏழை ஒருவனைப் பேராசிரியர் ஒருவர் அழைத்துப்போய், விண்கல்லிலிருந்து எடுத்த மருந்தைக் கொடுக்கிறார். பிறர் மனத்தைப் படிக்கும் சக்தி வருகிறது. உடனே உலகையே ஆளப் புறப்படுகிறான். மருந்தின் வேகம் தீர்ந்ததும் மறுபடி ரொட்டி வரிசைக்கே வந்து சேர்கிறான். அடுத்த ஆண்டு எழுதிப் பார்த்த இன்னொரு வடிவத்தில், எதிர்காலப் பூமி அழியும் நேரத்தில் காலயந்திரத்தில் ஏற்றி அனுப்பப்பட்ட குழந்தை அவன்.

1938-இல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில்தான் தொலைதூரக் கிரகம் வருகிறது. அதற்கு அங்கே பெயரில்லை. முதுமையால் அழிந்தது என்று ஒரே வரி. நாயகனுக்குப் பறக்கவும் தெரியாது, மைலில் எட்டில் ஒரு பங்கு தூரம் தாவுவான். இந்தப் பலம் எப்படி வந்தது? எறும்பு தன் எடையைப்போல் பல நூறு மடங்கு சுமக்கவில்லையா, வெட்டுக்கிளி தாவவில்லையா என்று கேட்கிறது அந்த இதழ். விண்ணிலிருந்து வந்தவனுக்குச் சாட்சி சொல்ல மண்ணின் பூச்சிகள்! கிரிப்டான் என்ற பெயர் 1939-இல் செய்தித்தாள் தொடரில் வந்தது. 1898-இல் கண்டுபிடிக்கப்பட்ட வாயுவின் பெயர் அது. கிரேக்கத்தில் ‘மறைந்திருப்பது’ என்று பொருள்.

தமிழில் என்ன சொல்வது? ‘அதிமனிதன்’ என்று எழுதுகிறார்கள். அதிவேகம், அதிமதுரம் எனப் பழகிய நமக்கு ‘அதி’ மிகுதியைத்தான் காட்டும். மேல் என்ற பொருள் நழுவிவிடும். மேல் என்றே பொருள்படும் ‘மீ’ பொருந்துகிறது. ‘மீக்கூறும் மன்னன் நிலம்’ (குறள் 386) என்பதில் இருப்பதும், அறிவியல் பாடத்தின் ‘மீயொலி’யில் இருப்பதும் அதுவே. மீத்தேனை இதில் சேர்க்க வேண்டாம். ஆகவே மீமனிதன், தனித்தமிழ் வேண்டுவோர் மீமாந்தன் என்றாலும் எனக்குச் சண்டையில்லை.

சிவப்பு அங்கிக்காரனுக்கு அது பெயர்ச்சொல். அவன் சூப்பர்மேனாகவே இருக்கட்டும். நீட்சேயைப் பற்றி எழுதும் கட்டுரையில் மட்டும் அந்தச் சொல் வேண்டாம். படிக்கிறவன் கண்ணில் அங்கிதான் பறக்கும்.