பேரி நகரத்துப் பழைய கல் பட்டறைகளும் 20 சதவீத வரிக் கழிவும்

அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் பேரி என்று ஒரு சின்ன நகரம். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 8,491. சாம்பல் நிற கிரானைட்டால் வளர்ந்த ஊர். பெரிய குவாரிகள் பக்கத்திலுள்ள பேரி டவுனில் இருக்கின்றன. கல்லை அறுத்துச் செதுக்கிய பட்டறைகள் பல நகரத்துக்குள்ளேயே. இத்தாலியிலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் வந்த கல்தச்சர்கள் அங்கே உழைத்தார்கள். கல்தூசி நுரையீரலில் படிந்து, சிலிக்கோசிஸ் வந்து, வயதாகும் முன்பே செத்தவர்கள் ஏராளம். அந்தக் கூரைகளை இடித்துத் தள்ளிவிட்டால் அவர்கள் உழைத்ததற்குக் கண்முன் சாட்சி இருக்காது.

இப்படிப்பட்ட கட்டடங்களைக் காப்பாற்ற மத்திய அரசின் வரிக் கழிவு ஒன்று உண்டு. சீரமைப்புக்கான தகுதியுள்ள செலவில் 20 சதவீதத்தை, கட்ட வேண்டிய வருமான வரியிலிருந்தே கழித்துக்கொள்ளலாம். 2017 வரிச் சட்டத்துக்குப் பிறகு அதை ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்துத்தான் எடுக்க முடியும்.

கட்டடம் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் இருக்க வேண்டும், அல்லது பதிவான வரலாற்றுப் பகுதிக்குள் அதன் சிறப்புக்குப் பங்களிப்பதாக இருக்க வேண்டும். கடை, அலுவலகம், வாடகை வீடு என்று வருமானம் தர வேண்டும். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்குக் கிடையாது.

பலர் தடுக்கி விழுவது செலவுக் கணக்கில்தான். ஒரு பட்டறையை 2,00,000 டாலருக்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். அதில் நிலத்தின் மதிப்பு 50,000 என்றால் கட்டடத்தின் மதிப்பு 1,50,000. பொதுவாக 24 மாதங்களுக்குள் அதைவிட அதிகமாகச் செலவு செய்தாக வேண்டும். 1,60,000 செலவானால் கழிவு 32,000, ஆண்டுக்கு 6,400. 1,40,000-த்தோடு நிறுத்தினால் ஒன்றும் இல்லை.

விண்ணப்பம் மூன்று பாகம். கட்டடத்தின் வரலாற்றுத் தகுதி, செய்யப்போகும் வேலை, முடிந்த வேலை. மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகம் வழியாக, மத்திய அரசின் தேசியப் பூங்காச் சேவைக்குப் போகும். இரண்டாம் பாகத்துக்கு ஒப்புதல் வருவதற்கு முன் சுத்தியலை எடுக்காமல் இருப்பதே நல்லது. ஜோன்ஸ் பிரதர்ஸ் பட்டறையைப் பாருங்கள். 1895-இல் கட்டியது, இப்போது வெர்மான்ட் கிரானைட் அருங்காட்சியகம். நீளமாகத் திறந்து கிடக்கும் அந்த உள்வெளிதான் அதன் அடையாளம். அதுபோன்ற இடத்தைச் சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்தால் ஒப்புதல் கிடைப்பது கடினம். அப்புறம், வேலை முடிந்து ஐந்து ஆண்டுக்குள் விற்றால் கழிவில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும்.

வருமான வரி கட்டாத தொண்டு அமைப்புகளுக்கு இது நேரடியாக உதவாது. கிரானைட் தெருவில் 1900-இல் தொழிலாளர்கள் எழுப்பிய சோஷலிஸ்ட் லேபர் பார்ட்டி ஹாலை இன்று வைத்திருப்பது பேரி வரலாற்றுக் கழகம். இப்படிப்பட்ட அமைப்புகள் மானியத்தைத்தான் நாட வேண்டும்.

இங்கேதான் உள்ளாட்சி வருகிறது. தேசியப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டாலே கட்டடம் தப்பித்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். உரிமையாளர் சொந்தப் பணத்தில் இடிக்க முன்வந்தால் பதிவேடு தடுக்காது. ஊரின் சொந்த விதிதான் தடுக்க முடியும். ஒரு நகரம் வரலாற்றுக் கட்டடங்களுக்கான பாதுகாப்புச் சட்டவிதி இயற்றி, அதற்கென ஆணையமும் அமைத்தால், 'சான்று பெற்ற உள்ளாட்சி' தகுதி கேட்கலாம். 1980-இல் வந்த ஏற்பாடு இது. மாநிலத்துக்கு வரும் வரலாற்றுப் பாதுகாப்பு நிதியில் குறைந்தது 10 சதவீதம் இத்தகைய உள்ளாட்சிகளுக்கே போக வேண்டும். பேரியில் மேயரும் மூன்று வார்டுகளின் ஆறு உறுப்பினர்களும் கொண்டது நகர மன்றம். விதி வேண்டுமென்றால் கேட்க வேண்டிய இடம் அதுதான்.