மணல் ஈ: பெயரில் மணல், பிறப்பு தொழுவத்தில்

'மணல் ஈ கடித்தால் நோய் வரும்' என்று செய்தித்தாளில் படிக்கும் குமரி மாவட்டத்துக்காரருக்கு முதலில் கடற்கரைதான் நினைவுக்கு வரும். முட்டத்திலும் மணவாளக்குறிச்சியிலும் மணலுக்குக் குறைவில்லை. ஆனால் நோய் பரப்பும் மணல் ஈயைக் கடலோரத்தில் தேடிப் பயனில்லை. சாணமும் மண்ணும் கலந்து ஈரம் காயாமல் கிடக்கும் தொழுவத்து மூலையில்தான் தேட வேண்டும்.

பெயரின் குழப்பம் ஆங்கிலத்திலேயே தொடங்கிவிட்டது. 'சேண்ட் ஃப்ளை' என்பதன் நேர் பெயர்ப்பே 'மணல் ஈ'. அங்கே மணல் என்பது பூச்சியின் வெளிறிய நிறத்தைச் சுட்டுகிறது. அதே பெயரால் கடற்கரையில் கடிக்கும் வேறு சிறு பூச்சிகளையும் ஆங்கிலத்தில் அழைக்கிறார்கள். அறிவியல் பெயரில் இந்தத் தடுமாற்றம் இல்லை. 'ஃபிளெபோடோமஸ்' என்ற பேரினப் பெயரில் கிரேக்க மொழியின் 'நாளம்', 'வெட்டுதல்' என்ற இரண்டு சொற்கள் இணைந்துள்ளன. மிகப் பொருத்தமான பெயர் இது. கொசு ஊசிபோன்ற உறிஞ்சியை இரத்தக் குழாய்க்குள் செலுத்துகிறது. இந்த ஈயோ குட்டையான வாயுறுப்பால் தோலை அறுத்து, அங்கே கசிந்து தேங்கும் இரத்தத்தைக் குடிக்கிறது. இந்தியாவில் கருங்காய்ச்சலை, அதாவது மண்ணீரலை வீங்கவைக்கும் 'காலா அசார்' நோயை, பரப்பும் இனம் 'அர்ஜென்டிபெஸ்'. இலத்தீனில் 'வெள்ளிக்கால்' என்று பொருள். மேற்கு ஆசியாவிலும் வட இந்தியாவிலும் காணப்படும் இன்னொரு இனத்துக்கு 'பப்பட்டாசி' என்று பெயர். சத்தமில்லாமல் தின்பது என்னும் பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது அது. கடிக்க வரும்போது ரீங்காரம் கேட்காது என்பதை இத்தாலியர்கள் பெயரிலேயே பதித்துவிட்டார்கள்.

தமிழில் மணல் ஈ, மணற்கொசு, மணல் பூச்சி என்ற மூன்றும் வழங்குகின்றன. 'மணற்கொசு' வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கொசு என்று கேட்டவுடன் நம் ஊரில் சிரட்டையில் தேங்கிய நீரைக் கொட்டுவார்கள், ரப்பர் தோட்டத்தில் பால் வடியும் கிண்ணங்களைக் கவிழ்த்து வைப்பார்கள். டெங்குவுக்கு அது மிகச் சரியான வேலை. மணல் ஈயை அது தொடவே தொடாது, ஏனென்றால் இந்தப் பூச்சி தண்ணீரில் முட்டையிடுவதில்லை. 'மணல் பூச்சி' என்பது எதை வேண்டுமானாலும் குறிக்கலாம். எனவே 'மணல் ஈ' என்றே எழுதலாம். முதல் முறை எழுதும்போது 'மணல் நிறச் சிற்றீ' என்று ஒரு விளக்கமும் சேர்த்தால் போதும்.

இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நீளம், உடலெங்கும் மயிர், உட்காரும்போது 'வி' வடிவில் தூக்கி நிற்கும் இறகுகள்: இவைதான் அடையாளம். முட்டையிடும் இடத்துக்கு நிழல், ஈரப்பதம், மக்கிய உயிர்ப்பொருள் மூன்றும் வேண்டும். தொழுவத்து மண்தரை, எருக்குழியின் ஓரம், கோழிக்கூட்டின் அடி, சாணம் மெழுகிய சுவர் வெடித்துப் பிளந்த இடுக்கு, எலி வளை, கறையான் புற்று, மரப்பொந்து என எங்கும் இந்த மூன்றும் சேரலாம். வெட்டுக்கல் சுவரில் காரை உதிர்ந்து விழுந்த பொந்துகள் பகலில் வளர்ந்த ஈக்கள் பதுங்க வசதியானவை. புழு மண்ணுக்குள் இருந்தபடியே மக்கியதைத் தின்று வளரும். முட்டையிலிருந்து ஈயாக ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு மாதம் ஆகும். மண்ணைச் சலித்துப் பார்த்தாலும் புழு அரிதாகவே அகப்படும். கொசுப்புழுவைப்போல் ஒரு தொட்டியில் எண்ணிக் காட்ட முடியாது. அதனால்தான் இதன் பிறப்பிடம் பற்றிய அறிவு மெதுவாகவே சேர்ந்தது.

மணல் ஈ பரப்பும் கருங்காய்ச்சலின் வரலாற்றில் நம் மாநிலத் தலைநகருக்கும் இடமுண்டு. 1903-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பணிபுரிந்த சார்லஸ் டோனவன் நோயாளியின் மண்ணீரலில் இந்நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியைக் கண்டார். அதே ஆண்டு லீஷ்மன் என்பவரும் தனியாக அதை விவரித்திருந்தார். இருவர் பெயரையும் சேர்த்து 'லீஷ்மானியா டோனவானி' என்று பெயரிட்டவர் மலேரியா ஆய்வாளர் ரொனால்ட் ராஸ். மணல் ஈயின் கடியால்தான் அது பரவுகிறது என்பது 1942-இல் மனிதரில் நிறுவப்பட்டது. கருங்காய்ச்சல் இன்று முக்கியமாக பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களின் நோய். குமரியில் அதற்காகப் பதற வேண்டியதில்லை. ஆனால் அகத்தியமலையின் கேரளப் பகுதியில், காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளில் தோலைத் தாக்கும் லீஷ்மானியா நோய் பதிவாகியிருக்கிறது. அதே காணி மக்கள் நம் பேச்சிப்பாறை மலைப்பகுதியிலும் வாழ்கிறார்கள். ஆறாத புண்ணோ கொப்புளமோ நாள்கணக்கில் நீடித்தால், 'மணல் ஈ' என்ற சொல்லை அறிந்த ஒரு சுகாதாரப் பணியாளர் அங்கே இருப்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கும்.

பறப்பதில் இந்த ஈ பலவீனமானது. குதித்துக் குதித்தே நகரும், பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள் இருந்துவிடும். அதனால் பீகாரில் மருந்து தெளிப்பவர்கள் சுவரில் ஆறடி உயரம் வரை தெளித்தாலே போதும் என்கிறார்கள். தொழுவத்தை வீட்டிலிருந்து விலக்கிக் கட்டுவதும், சாணத்தை அன்றன்று அள்ளுவதும், சுவர் வெடிப்பை அடைப்பதும் கைக்கு எட்டும் வேலைகள். கொசுவலை வாங்கும்போது மட்டும் கண்ணை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள்: கொசுவுக்கென நெய்த சாதாரண வலையின் கண்ணிகள் வழியே மணல் ஈ எளிதாக நுழைந்துவிடும்.