தண்ணீருக்குள் வளையும் வாள்

வாசகர் ஒருவர் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தார். இணைய ஏலத்துக்கு வந்த பழைய ஜப்பானிய வாள். ஒரு படத்தில், கூர்ப்பக்கத்தை ஒட்டி வெண்மையாக ஓர் அலைக்கோடு ஓடுகிறது. இன்னொன்றில், பிடியைக் கழற்றினால் தெரியும் அடிப்பகுதி, கறுத்துத் துருவேறிக் கிடக்கிறது. "அந்தக் கோடு வரைந்ததா, தானாக வந்ததா? வாளை இவ்வளவு பளபளப்பாகத் தீட்டியவர்கள் துருவை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்?" என்று கேட்டிருந்தார். முதல் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. அதற்கே அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன்.

எஃகு எங்கிருந்து வருகிறது என்பதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஷிமானே மாநிலத்தில் இன்றும் குளிர்காலத்தில் 'தத்தாரா' என்ற களிமண் உலையை மூட்டுகிறார்கள். இரும்பு மணலையும் மரக்கரியையும் மூன்று நாள் இரவு பகலாகக் கொட்டி எடுப்பதுதான் 'தமாஹாகனே' எஃகு. கொல்லர் அதை அடித்து, மடித்து, மறுபடி அடித்து, கசடை வெளியேற்றி, எஃகுக்குள் கலந்திருக்கும் கரியை (கார்பனை) சீராகப் பரவவைக்கிறார். 'ஆயிரம் முறை மடித்த வாள்' என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். 15 முறை மடித்தாலே 32,768 அடுக்குகள் வந்துவிடும்.

சரி, தோய்ச்சலுக்கு, அதாவது பழுக்கக் காய்ச்சிய வாளைச் சட்டென்று தண்ணீரில் முக்குவதற்கு, வருவோம். வாள் வாளாவது அங்கேதான்.

கொல்லர் களிமண்ணோடு கரித்தூளும் கல்தூளும் குழைத்து வாள் மேல் பூசுகிறார். பிடங்கில் (கூர் இல்லாத முதுகுப்பக்கத்தில்) கனமாக, கூர்ப்பக்கத்தில் மெல்லியதாக. பட்டறையை இருட்டாக்கிக்கொண்டு, இரும்பின் நிறத்தை மட்டும் பார்த்துச் சூட்டை அளக்கிறார். 750 டிகிரியைத் தாண்டியதும் இரும்பு அணுக்கள் வேறு வரிசைக்கு மாறி, கரி அணுக்களுக்குத் தங்கள் இடுக்குகளில் இடம் கொடுக்கின்றன. அப்போது வாளைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குகிறார்.

பிடங்கு மெதுவாகக் குளிர்கிறது. கரி அணுக்களுக்கு விலகிப் போக நேரம் கிடைப்பதால் அங்கே உருவாவது ஓரளவு மென்மையான, எளிதில் உடையாத 'பெர்லைட்'. கூர்ப்பக்கத்திலோ கரி தப்பிக்குமுன் கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. கரி உள்ளே மாட்டிக்கொள்ள, படிகம் நெளிந்து இறுகுகிறது. இதுதான் 'மார்ட்டென்சைட்'. பயங்கரக் கடினம்.

மெல்லிய பூச்சு மட்டும் எதற்கு, கூர்ப்பக்கத்தை வெறுமனே விட்டிருக்கலாமே என்று தோன்றும். காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் உடனே ஆவியாகாமல் முத்துமுத்தாக உருண்டோடுவதைப் பார்த்திருப்பீர்கள். அடியில் ஒரு நீராவிப் படலம் அதைத் தாங்குகிறது. பழுக்கக் காய்ந்த வாளையும் தண்ணீருக்குள் அதே படலம் போர்த்திக்கொண்டு குளிரவிடாது. சொரசொரப்பான மெல்லிய மண்பூச்சு அந்தப் போர்வையைச் சீக்கிரம் கிழித்துவிடுகிறது. அதனால் மண் பூசிய இரும்பு வெற்று இரும்பைவிட வேகமாகக் குளிர்கிறது! சமன்பாடு எதுவும் தெரியாத கொல்லர்கள் இதைக் கையாண்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

அப்புறம் வளைவு. முதலில் குளிரும் கூர்ப்பக்கம் சுருங்குவதால் வாள் அந்தப் பக்கமாகக் குனிகிறது. அடுத்த கணம் அங்கே மார்ட்டென்சைட் பிறக்கிறது. அதற்கு முன்பைவிட அதிக இடம் வேண்டும், ஆகவே கூர்ப்பக்கம் பருத்து வாளைப் பிடங்குப் பக்கமாக நிமிர்த்தி வளைக்கிறது. கொல்லர் சுத்தியலால் கொடுத்திருந்த லேசான வளைவு தண்ணீருக்குள் கூடிவிடுகிறது. இந்த இழுபறி தாங்காமல் சில வாள்கள் தொட்டியிலேயே விரிசல் விட்டுவிடும். அத்தனை நாள் உழைப்பும் போச்சு.

ஆக, வாசகர் பார்த்த கோடு வரைந்ததல்ல. இரண்டு வகை எஃகின் எல்லை அது, 'ஹாமோன்' என்பார்கள். ஒற்றை விளக்கின் கீழ் வாளைச் சாய்த்துப் பார்த்தால் எல்லையில் மணல் தூவியதுபோலத் தனித்தனிப் புள்ளிகள் மின்னும். அவை 'நியே'. புள்ளி பிரியாமல் பனிமூட்டம்போலத் தெரிந்தால் 'நியோய்'. இரண்டும் மார்ட்டென்சைட்தான், துகள் அளவுதான் வேறு. டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள 'மிக்காஸுகி முனேச்சிக்கா' என்ற வாளுக்குப் பிறைநிலவின் பெயர் வந்ததற்குக் காரணம், அதன் ஹாமோனுக்கு மேலே பிறை பிறையாகத் தெரியும் தடங்கள்தான்.

மதிப்பிடுபவர் வாளின் வடிவத்தில் காலத்தையும், மடிப்பு ரேகைகளில் மரபையும், ஹாமோனில் கொல்லரின் கையையும் தேடுகிறார். அடிப்பகுதியில் பொறித்த பெயரைக் கடைசியில்தான் நம்புவார், ஏனென்றால் போலிக் கையெழுத்துகள் ஏராளம். இரண்டாம் உலகப் போர்க்கால வாள்கள் பலவற்றை எண்ணெயில் தோய்த்தார்கள். எண்ணெய் மெதுவாகக் குளிர்விக்கும் என்பதால் அவற்றில் நியேயைப் பார்ப்பது அரிது. மலிவான போலிகளிலோ அமிலத்தால் அரித்த கோடு மட்டும் இருக்கும்.

இந்த உலகத்தில் மூடநம்பிக்கைக்கும் பஞ்சமில்லை. குவானா ஊர்க் கொல்லர் முராமசாவின் வாள்கள், ஜப்பானை ஆண்ட தொக்குகாவா வம்சத்துக்குச் சாபம் என்பார்கள். அந்த வம்சத்தின் ஆட்சியை நிறுவிய இயேயாசுவின் தாத்தா 1535இல் அந்த வாளால்தான் இறந்தார் என்பது கதை. தொக்குகாவாக்களின் மிகாவா நாடு குவானாவுக்குப் பக்கம். அங்கே எல்லாரும் பக்கத்தூர்க் கொல்லரிடம் வாள் வாங்கினால், வெட்டுப்பட்டவர்கள் எந்த வாளால் வெட்டுப்படுவார்கள்?

போன நூற்றாண்டில் தவாரா குனிஇச்சி என்ற உலோகவியலாளர் வாள்களை வெட்டியே உள்ளே பார்க்கவேண்டியிருந்தது. இன்று நியூட்ரான் கற்றையைச் செலுத்தி, ஒரு கீறல்கூட விழாமல் படிக அமைப்பைப் படிக்கிறார்கள். 'பழைய கத்திக்கு இவ்வளவு செலவா?' என்று நிதிக்குழுவில் யாராவது கேட்டிருப்பார்கள். ஒரே துண்டு இரும்பில் கடினமும் நெகிழ்வும் எப்படிச் சேர்ந்து நிற்கின்றன என்பதற்கு விடை கிடைக்கும்போது, அந்தச் செலவு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அடுத்து, துரு. பிடிக்குள் காற்று அதிகம் படாமல் பல நூறு ஆண்டுகள் மெல்ல ஏறிய துருவின் நிறம் அவசரமாக ஏற்றிய துருவுக்கு வராது. வயதுக்கு அதுதான் சாட்சி. பழைய அரத்தின் கோடுகளும் அதற்குள்தான் இருக்கின்றன. ஒற்றை விளக்கில் சாய்த்து எடுத்த படம் ஒன்று கேட்டு வாங்கிப் பாருங்கள் ஐயா. "அடிப்பகுதியைத் தேய்த்துச் சுத்தமாக்கித் தருகிறேன்" என்று விற்பவர் சொன்னால், வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.